அச்சில் வராத ஆறாவது ஷெட்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது சம்பளச் சீட்டு மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவள் புள்ளியக்கா. புள்ளிவிவரப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம். பிரிவு என்றதும் பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, ஒரு மேஜை, கிறீச்சிடும் ஒரு மின்விசிறி, அவள். அவ்வளவுதான் பிரிவு.

ஆறு ஷெட்டிலும் யாருக்கு எங்கே அடிபட்டது என்று எண்ணுவது அவள் வேலை. அட்டையின் ஓரம் கிழித்த விரல், பிரஸ்ஸில் மாட்டிய நகம், வண்டி ஏறிய கால். எது நடந்தாலும் ஒரு காயச் சீட்டு அவள் மேஜைக்கு வரும். "நமக்கு அடிபட்டா நாம அழுவோம், புள்ளியக்காவுக்கு ஒரு எண்ணு கிடைக்கும்" என்று கேன்டீனில் கிண்டல் செய்வார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். மூன்று வருஷமாகச் சிரிப்பதில்லை. அதற்கான காரணத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

சும்மா எண்ணி எழுதினால் போதாதா, அதற்கு ஒரு ஆள் எதற்கு என்று புதிதாக வந்த மேனேஜர் கேட்டார். எல்லாப் புது மேனேஜர்களும் கேட்பதுதான். அவள் பொறுமையாக விளக்கினாள். மூன்றாவது ஷெட்டில் நூறு பேர், ஆறாவது ஷெட்டில் இருபது பேர். மூன்றாவதில் மூன்று வருஷத்தில் பதிமூன்று காயம், ஆறாவதில் ஆறு. எது மோசம்? பதிமூன்று என்று வாய் தானாகச் சொல்லும். ஆனால் உழைத்த மணி நேரத்தால் வகுத்துப் பார்த்தால் தலைகீழாக இருக்கலாம். அதோடு நின்றதா? பழைய மெஷின், புது மெஷின், காலை ஷிப்ட், இரவு ஷிப்ட் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எப்போதாவது நடக்கிற, ஒன்று இரண்டு என்று எண்ணக்கூடிய விஷயங்களுக்கென்றே பாய்சான் ரிக்ரெஷன் என்று ஒரு முறை இருக்கிறது. அதைத்தான் அவள் கம்ப்யூட்டரில் ஓட்டுவாள்.

அந்த முறையில் ஒரு வழக்கம் உண்டு. ஆறு ஷெட்டின் மதிப்பையும் அது நேராகக் கொடுக்காது. ஒரு ஷெட்டை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மற்ற ஐந்தும் அதிலிருந்து எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று வித்தியாசத்தை மட்டும் அச்சடிக்கும். அதுவும் மடக்கைக் கணக்கில், லாகரிதம் என்பார்களே, அதில். அடிப்படையோடு வித்தியாசத்தைக் கூட்டி, மடக்கையைத் திருப்பிப் போட்டால்தான் அந்த ஷெட்டின் சொந்த எண் கையில் வரும். பல வருஷமாக ஒன்றாவது ஷெட்தான் அவளுக்கு அடிப்படை. இருப்பதிலேயே ஒழுங்கான ஷெட் அது. ஆகவே அட்டவணையில் எப்போதும் ஐந்து வரிதான் இருக்கும். வரி இல்லாத ஷெட் நல்ல ஷெட் என்று பார்க்கிறவர்கள் கண்ணும் பழகிவிட்டது, அவள் கண்ணும் பழகிவிட்டது.

இதில் குறுக்கே விழுந்தவர் ஒன்றாவது ஷெட் ஃபோர்மேன். மனுஷனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "எதுக்கெடுத்தாலும் என் ஷெட்டை வச்சே எல்லாரையும் அளக்கறீங்க. மத்த ஃபோர்மேனுங்க என்கிட்ட முகம் குடுத்துப் பேச மாட்டேங்கறானுங்க. நான் என்ன அளவுகோலா?" என்று மேனேஜர் அறையிலேயே குதித்தார். மேனேஜருக்குச் சண்டை பிடிக்காது. "யாரையும் அடிப்படையா வைக்க வேணாம்மா. பொதுச் சராசரியோட ஒப்பிட்டுப் போடுங்க" என்றார்.

செய்யலாம், சுலபம்தான். கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிற கட்டளையில் ஒரு சொல்லை மாற்றினால் போதும். முதல் வரியில் பொதுச் சராசரி வரும், பிறகு ஒவ்வொரு ஷெட்டும் அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று வரும். ஆனால் அப்போதும் ஷெட்டுகளுக்கு ஐந்து வரிதான் அச்சாகும். விலகல்கள் எல்லாவற்றையும் கூட்டினால் பூஜ்யம் வந்தாக வேண்டும் என்பதால், கடைசி ஷெட்டை மட்டும் கம்ப்யூட்டர் விட்டுவிடும். மற்ற ஐந்தையும் கூட்டி, குறியை மாற்றி, அதை நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். இது அவளுக்குத் தெரியாததா? படிக்கும்போது பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பாடம்.

அன்று மதியம் கூட்டம். பிரஸ் மெஷினுக்குள் கை நுழைந்தால் உடனே மெஷினை நிறுத்துகிற சென்சார் வாங்கப்போகிறார்கள். இரண்டு ஷெட்டுக்குத்தான் இந்த வருஷம் கிடைக்கும். எந்த இரண்டு என்று சொல்ல வேண்டியது அவள். அட்டவணையில் மூன்றும் ஐந்தும்தான் சராசரிக்குக் கொஞ்சம் மேலே நின்றன. ஒன்று, இரண்டு, நான்கு ஆகியவை கீழே. சொன்னாள். எல்லோரும் தலையாட்டினார்கள். எழுந்திருக்கும்போது மேனேஜர் போகிற போக்கில் கேட்டார்:

"ஆறாவது ஷெட்டுக்கு வரியே காணோமே?"

"அதுல ஒண்ணும் இல்ல சார். அது அடிப்படை" என்றாள் அவள்.

இந்தப் பதிலுக்குச் சாக்கு தேடித் தேடிப் பார்த்திருக்கிறாள். அன்று தலைவலி இல்லை. வீட்டில் சண்டை இல்லை. சாப்பாடு கூட நேரத்துக்குச் சாப்பிட்டிருந்தாள். அவசரமும் இல்லை. பழக்கம் பேசியது, அவ்வளவுதான். ஏதாவது ஒரு கஷ்டம் அன்றைக்கு இருந்திருந்தால் அதன் மேலாவது பழியைப் போட்டிருக்கலாம்.

மூன்றாவது, ஐந்தாவது ஷெட்டுகளில் சென்சார் வந்தது. ஏழு மாதம் கழித்து ஆறாவது ஷெட்டில் நெட்டைக்கு அடிபட்டது.

நெட்டை என்றால் நெட்டைதான், ஆறடிக்கு மேலே நாலு விரற்கடை. கதவு நிலையெல்லாம் அவன் நெற்றிக்குப் பரிச்சயம். கல்யாணமாகி ஒரு வருஷம், கைக்குழந்தை ஒன்று. அட்டையை வெட்டுகிற பிரஸ்ஸில் அவன் வலது கை மாட்டியது. நான்கு விரல்கள் போயின, கட்டைவிரல் மட்டும் மிச்சம். பாதுகாப்பு அதிகாரி மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலருகே நின்று கேட்டிருக்கிறார்: "என்னப்பா, கண்ணசந்துட்டியா?" மருந்து மயக்கத்தில் கிடந்தவனுக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. "அசந்திருப்பேன் சார்" என்றான். அறிக்கையில் அது 'தொழிலாளி வேலை நேரத்தில் கண்ணயர்ந்ததால்' என்று ஏறிவிட்டது.

காயச் சீட்டு அவள் மேஜைக்கு வந்தது. வழக்கம்போல் எண்ணில் சேர்த்தாள். அந்தத் தடவை ஒவ்வொரு ஷெட்டின் சொந்த எண்ணையும் தனித்தனியாக எழுதச் சொல்லி மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. புது எண்ணைச் சேர்ப்பதற்கு முன்னால் பழைய அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள். சராசரி, லட்சம் மணி நேரத்துக்கு இரண்டு காயம். ஒன்றாவது ஷெட், எழுதினாள். இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, எழுதினாள். ஆறாவதுக்கு விரலை வைத்துக் கீழே இறக்கினாள். விரல் வெற்றுத் தாளில் நின்றது.

அப்போதுதான் உறைத்தது. கால்குலேட்டரை எடுத்து ஐந்து விலகல்களையும் கூட்டினாள். மைனஸ் அரை, மைனஸ் காலுக்குப் பக்கம், கொஞ்சம் பிளஸ், மைனஸ் பூஜ்யம் புள்ளி நாலு, மறுபடி கொஞ்சம் பிளஸ். மொத்தம் மைனஸ் பூஜ்யம் புள்ளி ஒன்பது. குறியை மாற்றினால் ஆறாவது ஷெட்டுக்கு பிளஸ் பூஜ்யம் புள்ளி ஒன்பது. மடக்கையைத் திருப்பிப் போட்டாள். லட்சம் மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட ஐந்து காயம். சராசரியைப் போல இரண்டரை மடங்கு. சென்சார் போன ஷெட்டுகளில் இரண்டு சொச்சம். நெட்டையின் கை போவதற்கு ஏழு மாதம் முன்பே அவள் மேஜையில் இருந்த எண் இது. இருபது பேர் இருக்கிற சின்ன ஷெட், மொத்தமே ஆறு காயம்தான் என்பதால் வேறு யார் கண்ணிலும் படவில்லை. அவள் கண்ணில் பட்டிருக்க வேண்டும், அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த அறிக்கையில் ஆறு வரியும் போட்டாள். ஆறாவது ஷெட்டுக்கும் சென்சார் வந்தது. "கை போன பிறகு வந்துச்சு பாரு ஞானம்" என்று தொழிலாளர்கள் மேனேஜரைத் திட்டினார்கள். மேனேஜர் மாற்றலாகிப் போனார். திட்டும் அவரோடு போய்விட்டது.

அவளிடம் மட்டும் தங்கிவிட்டது. பட்டப்பகலில், பஸ்ஸில், சாப்பாட்டு மேஜையில், எங்கே பட்டியல் கண்டாலும் அதில் இல்லாதது யார் என்று தேட ஆரம்பித்தாள். குடும்பப் படத்தைப் பார்த்தால் படத்தில் இருப்பவர்கள் தெரிய மாட்டார்கள், படம் எடுத்தவன் யார் என்று மனசு குடையும். அலுவலகப் படியில் ஏறும்போது எண்ணுவாள், ஏறி முடித்ததும் ஒரு படி விட்டுப்போனதாகத் தோன்றும், இறங்கி மறுபடி ஏறுவாள். கணவர் தையல்காரர், வாய் கொஞ்சம் நீளம். "ஜாக்கெட்டுக்கு அஞ்சு பட்டன்தான்டி. ஆறாவது பட்டன் எங்கன்னு என் கஸ்டமர்கிட்டயே கேக்கற. தொழிலைக் கெடுத்துடுவ போலிருக்கே" என்பார். ஒருநாள் பாதியை அவரிடம் சொன்னாள். "நீயா அவன் கையைப் புடிச்சு மெஷின்ல வச்ச? விட்டுத் தள்ளு" என்றார். அந்த ஆறுதல் அவளுக்குக் கசந்தது. மறுபாதியைச் சொல்லவே இல்லை.

இதற்கு மேல் ஒன்று நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நெட்டையை நிர்வாகம் வாசல் கேபினில் போட்டது. வருகிற வண்டி எண்ணைக் குறித்துக்கொள்கிற வேலை. கேபின் அவள் ஜன்னலுக்கு நேர் எதிரே. காலையில் அவள் உள்ளே நுழையும்போது இடது கையைத் தூக்கி, "வணக்கம்க்கா" என்பான். அந்தச் சிரிப்பில் ஒரு குறையும் இருக்காது. இடது கையால் எழுத வராததால் விண்ணப்பம், படிவம் எதுவானாலும் அவளிடம்தான் கொண்டு வருவான். நஷ்டஈட்டுக்கு எழுதியதும் அவள்தான். கவனக்குறைவு என்று பாதியைக் குறைத்துக்கொண்டு கொடுத்தார்கள். "நீங்க இல்லன்னா இதுகூட வந்திருக்காதுக்கா" என்று கையெடுத்துக் கும்பிட்டான். முழுக் கும்பிடு கூட அவனால் போட முடியவில்லை. அன்று அவள் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

நாளாக நாளாக வேறொன்றும் தெரிந்தது. நெட்டை கேபினில் உட்காருவதே இல்லை. எட்டு மணி நேரமும் நின்றான்.

"உக்காருப்பா, கால் வலிக்காதா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"உக்காந்தா அசந்துடுவேன்க்கா. என் உடம்பு வாகு அப்படி. எனக்கே அப்பத்தான தெரிஞ்சுது" என்றான்.

ஸ்கூட்டரை விற்றுவிட்டானாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு படியிறங்க மாட்டானாம். அவன் மனைவி ஒருமுறை வாசலுக்கு வந்தபோது அவளிடம் புலம்பினாள்: "கொழந்தை அப்பான்னு தாவுதுக்கா. இவரு ரெண்டு அடி பின்னால போறாரு. கை இல்லன்னு இல்ல, ஒத்தக் கையால மூட்டையே தூக்கறாரு. என்னை நம்பாதேங்கறாரு." அவள் என்ன சொல்வாள்? தலையாட்டினாள்.

கை போனதற்குக் காரணம் பல இருக்கலாம். ஆனால் தன்னையே நம்பாத ஒரு மனுஷனாக அவன் மாறியதற்குக் காரணம், அந்தக் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று அவனுக்குத் தெரியாததுதான். அதைத் தெரிவிக்கக்கூடிய ஒரே ஆள் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம். வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காவிட்டால் எது போகும் என்பதைத் தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம், நெட்டை குனிந்து அவள் அறைக்குள் நுழைந்தான். கையில் ஒரு தாள்.

"அக்கா, ஆறாவது ஷெட்டுக்கு சூப்பர்வைசரா போகச் சொல்றாங்க. எனக்கு வேணாம்னு எழுதிக் குடுங்க."

அவள் நிமிர்ந்தாள். "ஏன் வேணாம்? சம்பளம் கூட வருமே."

"இருபது பேரை நான் பாத்துக்கணும்க்கா. நானே தூங்கற ஆளு. என்னால ஒருத்தன் கை போச்சுன்னா?" என்றான். "இப்படி எழுதுங்க. எனக்கு வேலை நேரத்துல தூங்கற பழக்கம் இருக்கு. அதனாலதான் விபத்து நடந்துச்சு. பொறுப்பான வேலை எனக்குச் சரிப்படாது. அவ்வளவுதான்."

அவள் பேனாவை எடுத்தாள். 'எனக்கு வேலை நேரத்தில்' என்று எழுதினாள். அடுத்த சொல்லுக்குக் கை நகரவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ பேருடைய காயத்தை எழுதியிருக்கிறாள், ஒருநாளும் கை தயங்கியதில்லை.

"உக்காரு தம்பி."

"பரவால்லக்கா, நிக்கறேன்."

"நின்னுக்கிட்டுக் கேக்கற விஷயம் இல்ல. உக்காரு."

உட்கார்ந்தான். அவள் பழைய அட்டவணையை இழுப்பறையிலிருந்து எடுத்து அவன் முன்னால் வைத்தாள். மூன்று வருஷமாக அது பூட்டின இழுப்பறையில்தான் இருந்தது. ஒன்றிலிருந்து ஐந்து வரை விரல் வைத்துக் காட்டினாள். ஆறாவது எங்கே போனது, அதை எப்படிக் கண்டுபிடிக்க வேண்டும், அவள் ஏன் கண்டுபிடிக்கவில்லை, கூட்டத்தில் மேனேஜர் கேட்ட கேள்வி, அவள் சொன்ன பதில். ஒன்றையும் மழுப்பவில்லை. மடக்கை புரியாதே என்று அதை மட்டும் விட்டுவிட்டு, "உங்க ஷெட்டுல மத்த இடத்தை விட ரெண்டரை மடங்கு அடிபட்டுக்கிட்டு இருந்துச்சு. முதல்ல உங்களுக்குத்தான் சென்சார் வந்திருக்கணும். நான் தப்பா சொன்னதால வரல" என்று முடித்தாள்.

நெட்டை ஐந்தாவது வரிக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் இடது கை விரலை வைத்தான். திட்டுவான் என்று காத்திருந்தாள், திட்டினால் நன்றாக இருக்கும் என்று கூட நினைத்தாள். அவன் கேட்டது வேறு.

"அப்ப நான் தூங்கலையாக்கா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் சொல்லத் தோன்றும். ஆனால் இந்த எண்கள் ஒரு ஷெட்டைப் பற்றிச் சொல்லும், ஒரு வருஷத்தைப் பற்றிச் சொல்லும். அந்த ஒரு நிமிஷத்தில் அந்த ஒரு மனுஷன் கண் மூடினானா திறந்திருந்தானா என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. ஒருமுறை தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லித்தான் இவ்வளவும் ஆயிற்று.

"தெரியாது தம்பி" என்றாள். "அது எனக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது."

வெளியே லாரி ஒன்று ஹாரன் அடித்தது, அவன் அசையவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டான்:

"சென்சார் வச்ச ஷெட்டுல எவனுமே தூங்கறதில்லையா?"

இதற்கு அவளிடம் எண் இருந்தது. மெஷின் தானாக நிற்கும் ஒவ்வொரு தடவைக்கும் காரணம் எழுத வேண்டும், அந்தக் காகிதங்களும் அவளிடம்தான் வரும்.

"தூங்கறாங்க. போன வருஷம் நாப்பத்தோரு தடவை மெஷின் தானா நின்னிருக்கு. அதுல தூக்கக் கலக்கம்னு அவங்களே எழுதினது பதினேழு."

"அந்தப் பதினேழு பேரும் எங்க இருக்காங்க?"

"வேலையிலதான் இருக்காங்க."

"கையோட?"

"கையோட" என்றாள்.

நெட்டை அவள் எழுதத் தொடங்கியிருந்த தாளை இடது கையால் இழுத்துக் கசக்கினான். ஒரு கையால் கசக்குவது லேசில்லை, மேஜையில் வைத்து அழுத்தி அழுத்திக் கசக்கினான். அவன் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை. மூன்று வருஷமாக அக்கா அக்கா என்று வந்து நின்றவன் இப்போது அவள் முகத்தை அன்னியரைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"இப்ப சொன்னதை அப்படியே எழுதுங்க. பதினேழையும் எழுதுங்க" என்றான். "கீழ என் பேர் வேணாம். உங்க பேர் போடுங்க."

அவள் புதுத் தாளை எடுத்தாள். எழுதி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவன் அதுவரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு வரியையும் அவள் எழுத எழுதக் கூடவே படித்தான். கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, தாளை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் அதை மடிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு, கேபின் பக்கம் திரும்பாமல், மேனேஜர் அறைக்குப் போகும் மாடிப்படியில் ஏறினான். அவள் தலைக்கு மேலே அந்தக் காலடிச் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.